பழைய ஃபைபர்கிளாஸ் சேர் கிடைச்சா முதல்ல கவுத்துப் போடுங்க: யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்கிறது எப்படி

அமெரிக்கால பழைய சாமான் விக்கிற கடைகள்ல, வீட்டைக் காலி பண்றப்ப போடற எஸ்டேட் சேல்கள்ல ஒரு மாதிரி சேர் அடிக்கடி கண்ல படும். உக்கார்ற இடமும் முதுகு சாயற இடமும் தனித்தனியா இல்லாம ஒரே துண்டா வளைஞ்சிருக்கும், கீழ மெல்லிசா கம்பிக் கால், கலர் பார்த்தா மங்கின மஞ்சளோ ஆரஞ்சோ சாம்பலோ இருக்கும். மேல ஒரு சீட்டு ஒட்டி "ஈம்ஸ் சேர்"னு, அதாவது அமெரிக்க டிசைனர் தம்பதி ஈம்ஸ் பண்ணினதுன்னு, எழுதி வச்சிருப்பாங்க. பாதி நேரம் அது ஈம்ஸ் சேரே இல்ல, ஆனா விக்கிறவர் பொய் சொல்றார்னும் அர்த்தம் இல்ல, அவருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இன்னொரு பக்கம் நிஜ ஈம்ஸ் சேர் ஏதோ பள்ளிக்கூடத்து பழைய சேர்னு நினைச்சு சல்லிசா போறதும் நடக்குது. ரெண்டுக்கும் மருந்து ஒண்ணுதான், சேரைக் கவுத்துப் போட்டு அடிப்பக்கத்தைப் படிக்கக் கத்துக்கணும்.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் தெளிவாகணும், இல்லேன்னா எத்தனை முத்திரை பார்த்தாலும் குழப்பம்தான். "இது யார் செஞ்சது"ன்னு நாம ஒரே கேள்வியா கேக்கறோம், ஆனா இந்த சேர்களைப் பொறுத்தவரைக்கும் அதுக்குள்ள மூணு கேள்வி இருக்கு. டிசைன் பண்ணினது யாரு, அச்சுல வச்சு அழுத்தி எடுத்தது எந்த ஃபேக்டரி, தன் பேரைப் போட்டு வித்தது எந்த கம்பெனி. மூணும் மூணு பேரா இருக்கலாம், பல சமயம் அப்படித்தான் இருக்கும்.

நல்ல உதாரணமே ஈம்ஸ் சேர்தான். சார்லஸ் ஈம்ஸும் அவர் மனைவி ரே ஈம்ஸும் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் வெனிஸ்ல ஆபீஸ் வச்சு வேலை பார்த்தவங்க. (நம்ம ஊருக்கும் இவங்களுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, 1958ல இந்திய அரசுக்கு இவங்க எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்தான் அகமதாபாத்ல 1961ல என்ஐடிங்கற தேசிய டிசைன் கல்வி நிறுவனம் வர வழி பண்ணுச்சு, அந்த ரிப்போர்ட்ல நம்ம சொம்பைப் பத்தி உருகி உருகி எழுதியிருப்பாங்க.) 1948ல நியூயார்க் மாடர்ன் ஆர்ட் மியூசியம் கம்மி விலைல நல்ல ஃபர்னிச்சர் டிசைன் பண்ணுங்கன்னு ஒரு போட்டி வச்சது, அதுக்கு இவங்க குடுத்த சேர் முதல்ல தகட்டை அழுத்தி வளைக்கிற மாதிரி யோசிச்சது. ஆனா தகடுல பண்ணினா செலவு கையைக் கடிக்கும், துருப்பிடிக்காம பூச்சு வேற குடுக்கணும், கட்டுப்படியாகாதுன்னு ஃபைபர்கிளாஸ் பக்கம் திரும்பினாங்க. அப்ப ஃபைபர்கிளாஸ் தெரிஞ்சவங்க யாருன்னா, ரெண்டாம் உலகப் போர்ல விமானங்களோட ரேடாரை மூடற கூண்டு செஞ்ச கம்பெனிகள். அதுல ஒண்ணு கலிஃபோர்னியா கார்டினால இருந்த ஜெனித் பிளாஸ்டிக்ஸ். 1950ல கை வச்ச சேர் வெளிய வந்தப்ப ஷெல்லை, அதாவது உக்கார்ற இடமும் முதுகும் சேர்ந்த அந்த ஒரே துண்டை, அழுத்தி எடுத்தது ஜெனித், வித்தது மிச்சிகன் மாநிலத்து ஜீலண்ட் ஊர் கம்பெனி ஹெர்மன் மில்லர். ஆக ஒரு சேர், மூணு பேர். முத்திரைல "ஜெனித்"னு பார்த்துட்டு "அப்ப இது ஈம்ஸ் இல்ல போல"ன்னு வச்சுட்டுப் போயிட்டா நஷ்டம் உங்களுக்குத்தான், ஏன்னா ஜெனித் பேர் இருக்கறது முதல் காலத்து சேர், சேகரிக்கிறவங்க தேடித் தேடி வாங்கறது அதைத்தான்.

சரி, முதல் வேலை, கைல இருக்கறது நிஜமாவே ஃபைபர்கிளாஸ்தானான்னு பார்க்கறது. நம்ம கல்யாண மண்டபத்துல அடுக்கி வச்சிருக்கற பிளாஸ்டிக் சேர் பாலிப்ரொப்பிலீன்ல செய்யறது, உருக்கி அச்சுக்குள்ள பீய்ச்சிடுவாங்க, முழுக்க ஒரே சீரா இருக்கும். இப்ப ஆன்லைன்ல கிடைக்கிற ஈம்ஸ் மாதிரி சேர்ல பெரும்பாலானதும் அதே ரகம்தான். ஹெர்மன் மில்லரே 2001ல இந்த சேரை மறுபடி கொண்டு வந்தப்ப பாலிப்ரொப்பிலீன்லதான் கொண்டு வந்தாங்க, அதனால பிளாஸ்டிக்னா டூப்ளிகேட்னு சொல்ல முடியாது, ஆனா பழைய ஈம்ஸ் இல்லங்கறது மட்டும் உறுதி. இங்கிலாந்துல ராபின் டே 1963ல ஹில் கம்பெனிக்குப் பண்ணின சேரும் பாலிப்ரொப்பிலீன்தான், அது பழசு, நல்ல டிசைன், ஆனா இந்தக் கணக்குல சேராது.

ஃபைபர்கிளாஸ்ல கண்ணாடி நூல் தெரியும். ஷெல்லை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாருங்க, இல்லேன்னா பின்னாடி டார்ச் அடிங்க. வெளுத்த முடி மாதிரி மெல்லிசான இழைங்க கன்னாபின்னான்னு எல்லாப் பக்கமும் ஓடறது தெரியும், சில இடத்துல கொத்தா, சில இடத்துல கம்மியா. முதல் வருஷங்கள்ல வந்த ஷெல்கள்ல இது ரொம்ப நல்லாத் தெரியும், வெளிச்சம் கொஞ்சம் ஊடுருவிக்கூட வரும், போகப் போக கலர் கெட்டியாகி இழை அவ்வளவா தெரியாம போச்சு. கலரும் மேல அடிச்ச பெயிண்ட் இல்ல, இழைகளைச் சேர்த்துப் பிடிச்சு இறுகற ரெசின்ங்கற பிசின்லயே கலந்தது, அதனால கீறல் விழுந்த இடத்துலயும் அதே கலர்தான் இருக்கணும். கீறலுக்குள்ள வேற கலர் தெரிஞ்சா பின்னாடி யாரோ பெயிண்ட் அடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்.

இழை தெரிஞ்சாச்சு, ஃபைபர்கிளாஸ்தான். அடுத்து அது எப்படி செஞ்சதுன்னு பார்க்கலாம், இதுலயே பாதி கூட்டம் கழிஞ்சிடும். ஃபைபர்கிளாஸ் சேர் செய்ய ரெண்டு வழி உண்டு. ஒண்ணு கை வேலை, ஒரே ஒரு பக்க அச்சுல இழைப் பாயைப் போட்டு ரெசின் தடவி காய வைக்கிறது, இதுல அச்சு தொட்ட பக்கம் வழவழன்னும் மறுபக்கம் சொரசொரன்னும் இருக்கும், கனமும் இடத்துக்கு இடம் மாறும். இன்னொண்ணு ரெண்டு உலோக அச்சுக்கு நடுவுல வச்சு சூடு பண்ணி பெரிய பிரஸ்ல அழுத்தறது. நறுக்கின கண்ணாடி இழையை காத்தால உறிஞ்சி ஷெல் வடிவத்துல இருக்கற சல்லடை மேல படிய வச்சு, அதை அப்படியே அச்சுக்கு மாத்தி, ரெசின் ஊத்தி அழுத்துவாங்க. ரெண்டு பக்கமும் அச்சு படறதால முன்னாடி பின்னாடி ரெண்டும் ஒழுங்கா இருக்கும், ஓரம் வரைக்கும் கனம் ஒரே அளவா வரும். ஈம்ஸ் ஷெல் எல்லாம் இப்படி பிரஸ்ல வந்ததுதான். உங்க சேரோட அடிப்பக்கம் கை வச்சா குத்தற அளவுக்கு இழை துருத்திக்கிட்டு, ரெசின் வழிஞ்ச தடம் எல்லாம் இருந்தா அது ஹெர்மன் மில்லர் இல்லன்னு பெரும்பாலும் அங்கயே முடிவு பண்ணிடலாம். ஒரு எச்சரிக்கை, பல வருஷம் வெயில் மழைல கெடந்த நல்ல ஷெல்லும் மேல் ரெசின் தேஞ்சு இழை வெளிய வந்து சொரசொரன்னு ஆகும், அதையும் இதையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. வெயில்ல தேஞ்சது முன்பக்கமும் ஓரமும்தான் அதிகம் அடி வாங்கியிருக்கும், அடிப்பக்கம் ஓரளவு பத்திரமா இருக்கும்.

இப்ப கவுத்துப் போடுங்க. தரைல ஒரு பழைய போர்வை விரிச்சு அது மேல கவுத்துங்க. அடில தூசியும் பழைய பாலிஷும் சேர்ந்து கருப்பா ஒரு படலம் இருக்கும், அவசரப்பட்டு சோப்பு போட்டுத் தேய்க்க வேண்டாம், ஏன்னா பழைய லேபிள் காகிதம், ஈரம் பட்டா போயே போயிடும். முதல்ல காஞ்ச துணி, அப்புறம் லேபிள் எதுவும் இல்லாத இடத்துல மட்டும் லேசா ஈரத்துணி. அழுத்தி எடுத்த முத்திரை நேரா பார்த்தா தெரியாது, டார்ச்சை கிட்டத்தட்ட படுக்க வச்சு பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சா மேடு பள்ளம் நிழல் விழுந்து எழுத்து எழும்பி வரும். அப்பவும் சரியா தெரியலேன்னா மெல்லிசான வெள்ளைத் தாளை மேல வச்சு பென்சிலைப் படுக்கப் போட்டுத் தேய்ங்க, சின்ன வயசுல காசு மேல பேப்பர் வச்சுத் தேய்ப்போமே அதே வேலைதான்.

என்னென்ன கிடைக்கலாம்? ரொம்ப பழைய ஈம்ஸ் சேர்ல செஸ் கட்டம் மாதிரி கட்டம் போட்ட சின்ன காகித லேபிள் இருக்கும், அதுல ஹெர்மன் மில்லர், ஜெனித் ரெண்டு பேரும் வரும். லேபிள் போயிருந்தாலும் ஜெனித் காலத்து ஷெல்லுக்கு உடம்புலயே ஒரு அடையாளம் உண்டு. ஓரம் பலமா இருக்கணும்னு விளிம்புக்குள்ள கயிறு வச்சு அழுத்தியிருப்பாங்க, விளிம்போட அடிப்பக்கமா விரலை ஓட்டினா உள்ள ஒரு கயிறு ஓடற மேடு தட்டுப்படும், கண்ணுக்கும் தெரியும். ரோப் எட்ஜ்னு சொல்றது இதைத்தான். முதல் சில வருஷத்துக்கு அப்புறம் கயிறை விட்டுட்டாங்க. சைட் சேர் எனப்படற கை இல்லாத சேரை விட கை வச்ச சேர்லதான் இதை அதிகம் பார்க்கலாம், ஏன்னா முதல்ல வந்தது அதுதான். அப்ப கிடைச்ச கலரும் கொஞ்சம்தான், சாம்பலும் பழுப்பும் கலந்த ஒண்ணு, யானைத்தோல் சாம்பல் ஒண்ணு, பார்ச்மெண்ட்னு மங்கின வெள்ளை ஒண்ணு, கொஞ்ச நாள்லயே மஞ்சள், சிவப்பு, கடல் பச்சை எல்லாம் வந்துடுச்சு.

அதுக்கப்புறம் வந்த ஷெல்கள்ல காகித லேபிளுக்குப் பதிலா ஷெல்லுலயே அழுத்தின "ஹெர்மன் மில்லர்"ங்கற எழுத்தும், வளைஞ்சு வளைஞ்சு போற எம் எழுத்து லோகோவும் வரும். கூடவே வேற ஃபேக்டரி அடையாளமும் இருக்கலாம், ஏன்னா ஷெல்லை அழுத்திக் குடுத்தது ஜெனித்தோட நிக்கல. வட்டத்துக்குள்ள எஸ் எழுத்து இருந்தா அது சம்மிட்னு சொல்ற ஃபேக்டரி, சின்சினாட்டி மிலக்ரான் அடையாளம் இருக்கற ஷெல்லும் நிறையவே உண்டு. புதுசா பார்க்கறவங்க இந்த எஸ்ஸைப் பார்த்து ஏதோ வேற கம்பெனின்னு நினைச்சுடுவாங்க. மேல சொன்ன மூணு கேள்வியை ஞாபகம் வச்சுக்கிட்டா இந்தக் குழப்பமே வராது, எஸ்ஸுங்கறது அழுத்தி எடுத்தவங்க, எம் வித்தவங்க.

முத்திரை எதுவுமே இல்லேன்னா பார்க்க வேண்டியது கால் சேர்ற இடம். என்னைக் கேட்டா முத்திரையை விட இதைத்தான் முதல்ல பார்க்கச் சொல்லுவேன். ஈம்ஸ் ஷெல்லுல ஓட்டை கிடையாது. உக்கார்ற பக்கம் ஒரு ஸ்க்ரூ தலையோ போல்ட் தலையோ தெரியாது. அடில நாலு வட்டமான ரப்பர் பில்லை ஒட்டியிருக்கும், ஒவ்வொண்ணுக்குள்ளயும் மரை போட்ட உலோகத் துண்டு, கால் அதுலதான் முறுக்கி ஏறும். இதுக்கு ஷாக் மவுண்ட்னு பேர். உக்கார்றப்ப ரப்பர் கொஞ்சம் நெகிழ்ந்து குடுக்கும், ஷெல்லுல விரிசல் விழாது. முதல் காலத்துல பில்லை பெருசு, பிறகு சின்னதாச்சு, அதனால பில்லை அளவே வயசுக்கு ஒரு துப்பு. ரப்பர் வயசானா கல்லு மாதிரி இறுகி, பசை விட்டு, பில்லை கையோட வந்துடும், அப்ப சில பேர் பொறுமை இல்லாம ஷெல்லைத் துளைச்சு போல்ட் போட்டு முடுக்கிடுவாங்க. ஆக உக்கார்ற பக்கம் போல்ட் தெரிஞ்சாலும் உடனே தள்ளிடாதீங்க, அடில வட்டமா பசைத் தடம் இருக்கான்னு பாருங்க. இருந்தா யாரோ செஞ்ச திருப்பணி. இல்லேன்னா அது பொறந்ததே போல்ட்டோட, வேற கம்பெனி. தடம் இல்லாம போல்ட் தலை மட்டும் வரிசையா இருந்தா ஈம்ஸ் ஆசையை அங்கயே விட்டுடலாம்.

வேற கம்பெனின்னா யார் யாரு? அதிகமா கண்ல படறது விஸ்கான்சின் கிரீன் பே ஊரு க்ரூகர். பள்ளிக்கூடம், சர்ச் ஹால், ஆபீஸ்னு மொத்தமா சப்ளை பண்ணினவங்க, நல்ல கெட்டியான சேர், அடில "க்ரூகர்"னு எழுத்தே அழுத்தியிருக்கும், தேடிப் பார்க்காததாலதான் அது ஈம்ஸ்னு விலை போகுது. சூட்கேஸ் கம்பெனியா நமக்குத் தெரிஞ்ச சாம்சோனைட்டும் ஒரு காலத்துல ஃபைபர்கிளாஸ் சேர் செஞ்சாங்க, அதுலயும் பேர் இருக்கும். இவங்க சேர்ல ஒண்ணும் குறை இல்ல, தினமும் உக்கார வாங்கறதா இருந்தா க்ரூகரை கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னுதான் நான் சொல்லுவேன், ஈம்ஸ் விலை குடுக்காம இருந்தா சரி.

ஹெர்மன் மில்லர் லேபிள் இருந்தும் ஈம்ஸ் இல்லாத சேரும் உண்டு. உக்கார்ற துண்டு தனி, முதுகுத் துண்டு தனி, கால் நாலும் கீழ போகப் போக ஒல்லியாகி அழகா வளைஞ்சிருந்தா அது ஜார்ஜ் நெல்சன் ஆபீஸ் 1958ல கொண்டு வந்த ஸ்வாக் லெக் சேர்.

ஒரே தண்டுல நிக்கிற சேரா இருந்தா கதையே வேற. அது ஈரோ சாரினென் டிசைன் பண்ணி நோல் கம்பெனி 1957லேர்ந்து வித்த டூலிப் சேரா இருக்கலாம், இல்ல அதே ஜாடைல வேற கம்பெனி செஞ்ச சேரா இருக்கலாம். சாரினென் மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே பொருள்ல செய்ய ஆசைப்பட்டார், ஃபைபர்கிளாஸ் தண்டு அந்த பாரத்தைத் தாங்காதுன்னு கீழ அலுமினியம் வச்சு மேல வெள்ளைப் பூச்சு குடுத்து ஷெல்லோட சேர்த்துக் காட்டினாங்க. நோல் சேர்ல அடித்தட்டு வட்டமா ஒரே வழிசலா தரைக்கு இறங்கும், அடில நோல் லேபிளைத் தேடுங்க. அடித்தட்டு வட்டமா இல்லாம காத்தாடி றெக்கை மாதிரி நாலா பிரிஞ்சிருந்தா அது டெக்சாஸ் டல்லாஸ்ல இருந்த பர்க் கம்பெனி, 60கள்ல வந்த அமெரிக்க விண்வெளி டிவி தொடர் ஒண்ணுல கப்பலுக்குள்ள போட்டிருந்தது பர்க் சேரைத்தான், அதனால அதுக்கே தனி ரசிகர் கூட்டம் இருக்கு.

காலைப் பத்தி இவ்வளவு நேரம் பேசாததுக்குக் காரணம் இருக்கு. கால் சாட்சியா நிக்காது. ஈம்ஸ் ஷெல்லுக்கு பலவிதமா கால் மாட்டலாம், ஈஃபில் டவர் மாதிரி பின்னின கம்பி, எக்ஸ் வடிவம், ஹெச் வடிவம், மரக்கால், ஆடற சேருக்கு ராக்கர், 1955ல வந்த அடுக்கற கால், எல்லாமே நாலு ஸ்க்ரூதான். அதனால மவுசு கம்மியான அடுக்கற காலைக் கழட்டிட்டு புதுசா ராக்கரோ ஈஃபிலோ வாங்கி மாட்டி ரெண்டு மடங்கு விலை சொல்றது சர்வ சாதாரணம். விக்கிறவங்க டிஎஸ்ஆர், ஆர்ஏஆர்னு போட்டிருக்கற மாடல் எழுத்துங்களும் இந்தக் கால் சேர்க்கையைத்தான் சொல்லுது. முதல் எழுத்து டைனிங்கா ராக்கரா லவுஞ்சான்னு, நடு எழுத்து ஏ வந்தா கை வச்சது, எஸ் வந்தா சைட் சேர், கடைசி எழுத்து காலோட வகை, ஆர்னா கம்பி, டபிள்யூன்னா மரம், எக்ஸ்னா எக்ஸ். ஷெல்லோட தேய்மானமும் காலோட தேய்மானமும் ஒத்துப் போகுதான்னு பாருங்க. ஷெல் எழுபது வருஷ வயசுல கீறலும் மங்கலுமா இருக்க, கால் மட்டும் நேத்து டப்பாலேர்ந்து எடுத்த மாதிரி பளபளன்னு இருந்தா கால் புதுசு. அது குத்தம் இல்ல, ஒரிஜினல்னு காசு வாங்கறதுதான் குத்தம்.

புது ஃபைபர்கிளாஸ் சேரும் சந்தைல இருக்கு, அதையும் தெரிஞ்சு வச்சுக்கணும். ஹெர்மன் மில்லர் 80கள் கடைசில சுற்றுச்சூழல் காரணமா ஃபைபர்கிளாஸை நிறுத்தினாங்க, 2013ல வேற முறைல திரும்பக் கொண்டு வந்தாங்க. ஐரோப்பால விட்ரா செய்யறாங்க, அந்தப் பக்கம் வாங்கினா விட்ரா பேர் இருந்தா பயப்பட வேண்டாம், அவங்க உரிமம் வாங்கி 50கள்லேர்ந்தே ஈம்ஸ் ஃபர்னிச்சர் பண்றவங்க. லாஸ் ஏஞ்சலஸ்ல மாடர்னிகா பழைய பிரஸ் முறைலயே ஷெல் அழுத்தறாங்க, இழையும் தெரியும், ஷாக் மவுண்டும் இருக்கும், பார்த்த மாத்திரத்துல 50கள் சேர்னே தோணும், ஆனா அடில அவங்க சொந்த முத்திரை இருக்கும். முத்திரையைப் படிக்காம இழையை மட்டும் நம்பி வாங்கறவங்க மாட்டறது இங்கதான்.

யார்கிட்டயாவது போட்டோ அனுப்பி கேக்கறதா இருந்தா முன்பக்கம் அழகா ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. அடிப்பக்கம் முழுசா ஒண்ணு, ஷாக் மவுண்ட் கிட்ட ஒண்ணு, விளிம்பு கிட்ட ஒண்ணு, முத்திரை மேல பக்கவாட்டு வெளிச்சத்துல ஒண்ணு, காலோட பாதத்துல இருக்கற குமிழ் ஒண்ணு, இதெல்லாம் வேணும். டேப் வச்சு அகலமும் அளந்துக்கங்க. ஈம்ஸ் சைட் சேர் ஷெல் சுமார் 18½ இன்ச், கை வச்சது சுமார் 25 இன்ச் வரும். பில்லைக்கும் பில்லைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னும் குறிச்சுக்கங்க, அகலமா வச்சதும் நெருக்கமா வச்சதும்னு ரெண்டு ரகம் இருக்கு, பின்னாடி கால் வாங்கறப்ப இந்த அளவு தெரியாம வாங்கினா ஓட்டை பொருந்தாது.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் பளபளப்பு வரட்டும்னு உப்புத்தாள் எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்காதீங்க. தேய்ச்சா வர்ற தூசி பொடியான கண்ணாடி, தோல்ல பட்டா அரிக்கும், மூச்சுக்குள்ள போகவே கூடாது. தேய்ச்சே ஆகணும்னா வெளில வச்சு, மாஸ்க்கும் கையுறையும் போட்டு, தண்ணி விட்டு ஈரமா தேய்ங்க, லேபிள் இருந்தா அந்தப் பக்கமே போகாதீங்க.